பட்டாளக் கட்டடத்தில் யாரும் குடியில்லை

எங்கள் அலுவலகத்தில் அவரை ஓவர்சியரம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். நகராட்சிப் பொறியியல் பிரிவில் இருந்த பதினோரு பேரில் சாரத்தின் உச்சி வரை ஏறத் தயங்காத ஒரே ஆள் அவர். ஆண்கள் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "பாத்து எறங்குங்கம்மா" என்று அக்கறை காட்டிக்கொண்டிருப்பார்கள். நான் அந்தப் பிரிவின் டைப்பிஸ்ட். இருபத்திரண்டு வருடம் எங்கள் இரண்டு பேர் மேசையும் ஒட்டியே கிடந்தன. அவர் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தவள் அலுவலகத்திலேயே நான் ஒருத்திதான். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "டைப்பு" என்பார். அவர் எழுதிய அறிக்கைகள் எல்லாவற்றையும் அடித்தவள் நான் என்பதால் இங்கே சொல்லப்போவதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

ஊரின் மேற்கு ஓரத்தில், பாலத்தைத் தாண்டினால் ஒரு பெரிய மைதானம் வரும். அதன் ஒரு பக்கம் முழுக்க நீண்டு கிடக்கும் பழைய கட்டடம், ஒரு காலத்தில் பட்டாளம் தங்கியிருந்த இடம். பன்னிரண்டு அறைகள், முன்னால் தூண் வைத்த தாழ்வாரம், ஒரு கோடியில் காவல் கூண்டு, பின்புறம் தனியாக மருந்துக் கிடங்கு. வெடிமருந்து வைத்த இடம் என்பதால் அதற்குச் சுவருக்குள் சுவர். தீப்பொறி பறக்கக் கூடாதென்று கதவில்கூட இரும்பு ஆணி கிடையாது, எல்லாம் பித்தளை. பட்டாளம் போய் நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியும் ஊரில் அதைப் பட்டாளக் கட்டடம் என்றே சொன்னார்கள்.

ஓவர்சியரம்மா பிறந்தது அங்கே ஏழாம் அறையில். அவர் அப்பா பட்டாளத்துச் சமையல்கூடத்தில் வேலை பார்த்தவர். பட்டாளம் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியபோது, அதை நம்பி வந்த குடும்பங்கள் அப்படியே தங்கிவிட்டன. போகச் சொல்லவும் ஆள் இல்லை, இருக்கச் சொல்லவும் ஆள் இல்லை. அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட, எட்டு வயது மூத்த அக்கா பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தார். தங்கை படித்தாள், டிப்ளமோ வாங்கினாள், வேலைக்கு வந்தாள், கல்யாணமாகிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் குடிவந்துவிட்டாள். அக்கா அதே ஏழாம் அறையிலேயே இருந்தார். ஊரில் பாதிப் பேர் அவரிடம் துணி கொடுத்தவர்கள். தையலக்கா என்றால் தெரியாதவர்கள் கிடையாது. அவர் கணவர் ஒரு பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் மைதானத்தை நாலு சுற்று நடந்துவிட்டுத்தான் பல் தேய்ப்பார்.

மற்ற குடும்பங்கள் ஒவ்வொன்றாக வேறு இடம் பார்த்துப் போய், கடைசியில் நாலு குடும்பம் மிச்சம். கட்டடமும் அதற்கேற்ப ஆடிப்போயிருந்தது. யாரோ ஒரு காலத்தில் நல்லது செய்வதாக நினைத்துச் சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்டைப் பூசிவிட்டிருந்தார்கள். உள்ளே இறங்கிய ஈரம் வெளியே வர வழியில்லாமல் சுவரைத் தின்றுகொண்டிருந்தது. ஓவர்சியரம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்குப் போனால் முதலில் அக்காவைப் பார்க்க மாட்டார், சுவரைத்தான் பார்ப்பார். விரிசல்களின் குறுக்கே சின்னச் சின்னக் கண்ணாடிச் சில்லுகளை ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதிவைப்பார். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். ஒரு மழைக்காலத்தில் ஏழு சில்லில் ஐந்து உடைந்துபோயிருந்தது.

"எங்க வீட்டுக்கு வந்து எங்களுக்கே வைத்தியம் பாக்காம சுவத்துக்கு பாக்கறா பாரு" என்று அக்கா கணவரான மாமா கிண்டல் செய்வாராம்.

அந்த வருடம்தான் கட்டடத்தை இடித்துவிட்டுக் குப்பை லாரிகள் நிறுத்த இடம் செய்யலாம் என்ற பேச்சு அலுவலகத்தில் எழுந்தது. இடிக்கக் கூடாது என்று ஓவர்சியரம்மா ஒற்றைக்காலில் நின்றார். டேப்பை எடுத்துக்கொண்டு போய் மூன்று வாரம் மூலை முடுக்கெல்லாம் அளந்து வரைபடம் போட்டார். கூட்டத்தில் அதை விரித்து வைத்து, "சார், இந்தச் சுவரு ரெண்டரை அடி கனம். இதை இடிக்க ஆகற நேரத்துல நான் இதைச் சரிபண்ணியே குடுத்துருவேன். ஊர்ல ஒரு கூட்டம் போட இடம் இல்ல, பிள்ளைங்க உக்காந்து படிக்க இடம் இல்ல. லாரிக்கு இடமா இல்ல?" என்றார்.

எஞ்சினியர் நல்ல மனிதர்தான். பழைய ராணுவக் கட்டடங்களைச் சீர்செய்து ஊர்ப் பயன்பாட்டுக்குக் கொடுக்க மேலிடத்தில் ஒரு திட்டம் இருப்பதை அவர்தான் தேடிப்பிடித்தார். விண்ணப்பம் வந்தது. ஒன்பதாவது கேள்வியில் இடித்தது. கட்டடத்தில் தற்போது குடியிருப்போர் விவரம்.

"ஆள் இருக்காங்கன்னு எழுதினா ஃபைல் வேற துறைக்குப் போயிரும்மா" என்றார் எஞ்சினியர். "அங்க போன ஃபைல் எதுவும் என் சர்வீஸ்ல திரும்பி வந்ததில்ல. அதுக்குள்ள லாரி வந்து நின்னுரும். நீங்களே யோசிச்சு எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

மறுநாள் ஓவர்சியரம்மா அறிக்கையை என் மேசையில் வைத்தார். ஒன்பதாவது கேள்விக்கு எதிரே, 'கட்டடம் காலியாக உள்ளது. யாரும் குடியில்லை' என்று எழுதியிருந்தார். அந்தக் கோழிக் கிளறலிலும் அந்த இரண்டு வாக்கியம் மட்டும் திருத்தமாக இருந்தது.

"மேடம், உங்க அக்கா இருக்காங்களே" என்றேன்.

"அக்கா படுத்திருக்கற சுவருதான் டைப்பு முதல்ல விழும். நான் கண்ணாடி ஒட்டிப் பாத்துட்டேன்ல? உண்மைய எழுதினா ஆளும் அங்க இருக்கப் போறதில்ல, கட்டடமும் இருக்கப் போறதில்ல."

"அப்ப பின்னால அவங்க எங்க போவாங்க?"

"பின்னாலதான் நான் இருக்கேன்ல? கடைசி நாலு ரூம காவலாளி குடியிருப்பு, பராமரிப்பு ஆள் குடியிருப்புன்னு போட்டு அவங்களுக்கே வாங்கிக் குடுத்துருவேன். எட்டு மாச வேல. நீ அடி."

நான் அடித்தேன். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல் அடித்தேன்.

ஒப்புதல் வந்த வாரம் அவர் அக்கா வீட்டுக்குப் போனபோது நானும் கூடப் போனேன். தையலக்கா மெஷினை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டார்.

"எட்டு மாசம்தானே பாப்பா?" என்றார். ஐம்பது வயதை நெருங்கும் தங்கையை அவர் கடைசி வரை பாப்பா என்றுதான் கூப்பிட்டார்.

"எட்டு இல்லேன்னா பத்து. அதுக்கு மேல போகாது."

"சரி. மழை ஒழுகாம ஒரு வருஷமாச்சும் தூங்கலாம்."

மற்ற மூன்று குடும்பங்களையும் கிளப்பியது தையலக்காதான். மூன்றாம் அறையில் ஒரு வயதானவர் இருந்தார். அவர் அப்பா பட்டாளத்து பேண்டில் வாசித்தவர் என்பதால் எதையும் ஊதத் தெரியாத அவருக்கும் பேண்டுக்காரர் என்றே பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்தார்.

"எழுத்துல ஏதாச்சும் குடுப்பாங்களா?" என்று கேட்டார்.

"என் தங்கச்சி சொல்றா. அதுக்கு மேல என்ன எழுத்து வேணும் உங்களுக்கு?" என்றார் தையலக்கா.

அவரும் சாமான் கட்ட ஆரம்பித்தார். இரண்டு வாரத்தில் நாலு குடும்பமும் கிடைத்த இடத்துக்குப் போனார்கள். தையலக்காவுக்குச் சந்தைத் தெருவில் ஒரு மூன்றாம் மாடி வீடு அமைந்தது. தையல் மெஷினை மேலே ஏற்ற நாலு பேர் தேவைப்பட்டார்கள். எட்டு மாதத்துக்கு எதற்கு எல்லாவற்றையும் பிரிப்பது என்று பாதிச் சாமான்களை அவர் மூட்டையிலேயே விட்டுவைத்தார்.

அந்தப் பத்து மாதம் ஓவர்சியரம்மா ஆளே மாறிப்போனார். காலை ஆறரைக்கு மைதானத்தில் நிற்பார். பழைய சிமெண்டைக் கொத்திக் கொத்தி எடுத்தார்கள். சுவரை மூன்று மாதம் அப்படியே திறந்துபோட்டு ஆற விட்டார். கொத்தனார்கள் சலித்துக்கொண்டார்கள். "சும்மா நிக்கற சுவத்த எத்தன நாளும்மா பாத்துக்கிட்டே இருக்கறது?" என்றார் மேஸ்திரி. "அது இத்தன வருஷமா மூச்சு முட்டிக் கெடந்திருக்கு. கொஞ்சம் விடுங்க" என்றார் இவர். சுண்ணாம்பைக் குழியில் ஊறவைத்து, மணலைத் தானே கையில் எடுத்துக் கசக்கிப் பார்த்து, மண் வாடை அடித்தால் லாரியோடு திருப்பி அனுப்பினார். கூரையில் உளுத்த சட்டங்களை மட்டும் மாற்றி, நல்லதை நல்லதாகவே விட்டார். அவர் தலைமுடியில், காதோரத்தில், கைக்கடிகாரக் கண்ணாடியில் எல்லாம் சுண்ணாம்பு. பேசும்போது கண் மின்னும். இத்தனை சந்தோஷமாக நான் அவரை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

வேலை முடியப்போகும் சமயத்தில், முதல் நாலு அறையும் தாழ்வாரமும் நூலகம், நடு அறைகள் படிப்புக் கூடமும் கூட்ட அரங்கும், கடைசி நாலு அறை குடியிருப்பு என்று ஒரு திட்டம் எழுதினார். அதை நான்தான் அடித்தேன். அதற்குள் எஞ்சினியர் மாற்றலாகிப் போயிருந்தார். நகராட்சிக்குப் புதிதாக வந்திருந்த அதிகாரி எங்களைக் கூப்பிட்டார். குறிப்பெடுக்க நானும் உள்ளே போனேன்.

அவர் கோபப்படவில்லை. அறிக்கையைப் புரட்டினார். "வேலைய ரொம்ப நல்லாப் பண்ணியிருக்கீங்கம்மா. எல்லாரும் பாராட்டறாங்க. ஆனா இந்தக் குடியிருப்பு யாருக்கு?"

"ஏற்கெனவே அங்க இருந்தவங்களுக்கு சார்."

அவர் ஒரு பக்கத்தைத் திருப்பி, விரல் வைத்து வாசித்தார். "கட்டடம் காலியாக உள்ளது. யாரும் குடியில்லை. கீழ உங்க கையெழுத்து இருக்கு. யாரும் இல்லாத எடத்துல யாருக்கும்மா நான் வீடு ஒதுக்கறது?"

ஓவர்சியரம்மா அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நானும் சொல்லியிருக்கலாம். அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. திறப்பு விழாவுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. சொன்னால் விழா நிற்கும், விசாரணை வரும், கட்டடத்துக்குப் பூட்டு விழும். அவர் இரண்டு கையையும் மேசை விளிம்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

"சரி சார்" என்றார்.

பிறகு படியில் இறங்கும்போது என் முகத்தைப் பார்க்காமல், "திறக்கட்டும் டைப்பு. திறந்தப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

விழாவுக்கு ஊரே திரண்டு வந்தது. தாழ்வாரத் தூண்கள் வெள்ளை வெளேரென்று நின்றன. மருந்துக் கிடங்கின் பித்தளை ஆணி அடித்த கதவைத் தொட்டுப் பார்க்க வரிசை நின்றது. ஏழாம் அறை செய்தித்தாள் படிக்கும் அறையாகியிருந்தது. ஓவர்சியரம்மாவை மேடையில் ஏற்றிப் பேசச் சொன்னார்கள். இரண்டு வாக்கியம் பேசிவிட்டு இறங்கிவிட்டார். கூச்சம் என்று எல்லோரும் நினைத்தார்கள். கூட்டத்தில் அவர் கண் யாரைத் தேடியது என்று எனக்குத் தெரியும். தையலக்கா வரவில்லை. அந்த மூன்று குடும்பத்திலிருந்தும் யாரும் வரவில்லை.

கடைசி நாலு அறை கிடைக்காது என்று தங்கை போய்ச் சொன்னபோது தையலக்கா சண்டை போடவில்லையாம். "ஓ" என்றாராம். அப்புறம் எழுந்து போய், கட்டிவைத்திருந்த மூட்டைகளைப் பிரித்துப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக அலமாரியில் அடுக்க ஆரம்பித்தாராம். உதவிக்குப் போன தங்கையிடம், "நீ உக்காரு பாப்பா, உனக்கு எது எங்கன்னு தெரியாது" என்றாராம். "திட்டியிருந்தா கூடத் தாங்கியிருப்பேன் டைப்பு" என்று மறுநாள் என்னிடம் சொன்னார்.

மாமாவுக்கு அந்த மூன்று மாடி ஒத்துவரவில்லை. முழங்கால் வலி. முதலில் ஒரு நாளைக்கு ஒருமுறை இறங்கினார். பிறகு வாரத்துக்கு ஒருமுறை. அதற்குப் பிறகு ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். ஜன்னலுக்கு எதிரே இன்னொரு கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி. நடந்து பழகிய மனிதர், மூன்றாவது வருடம் நெஞ்சுவலியில் போய்விட்டார். மாடியிலிருந்து அவரை இறக்கியதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

துக்கத்துக்கு வந்த பேண்டுக்காரர் தெருவில் ஓவர்சியரம்மாவைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. "உங்க அக்கா, 'என் தங்கச்சி சொல்றா'ன்னாங்க. அவங்க சொன்னாங்கன்னு நாங்க கெளம்பினோம். இப்ப என் மக வீட்டு ஹால்ல படுத்திருக்கேன். உங்க அக்கா மேல எனக்குக் கோவம் இல்ல. அவங்களும் எங்கள மாதிரிதானே ஏமாந்தாங்க" என்றார். சொல்லிவிட்டுக் கைக்குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் ஓவர்சியரம்மா அலுவலகத்தில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார். நான் கை நீட்டினேன்.

"இத நீ அடிக்க வேண்டாம். இதுல உன் வாடையே இருக்கக் கூடாது" என்றார்.

ஒன்பதாவது கேள்விக்குத் தாம் எழுதிய பதில் பொய் என்றும், நாலு குடும்பங்கள் அங்கே குடியிருந்தன என்றும், அதில் ஒன்று தம் சொந்த அக்கா குடும்பம் என்றும், எஞ்சினியர் தம்மை நம்பித்தான் கையெழுத்துப் போட்டார் என்றும் எழுதியிருந்தார். கடைசியாகச் சொன்னது பொய்தான். படிக்க முடியாத கையெழுத்து என்று கடிதம் திரும்பி வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாக எழுதி மறுபடி அனுப்பினார்.

விசாரணை ஒன்றரை வருடம் நடந்தது. அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு போயிற்று. கட்டட வேலையிலிருந்து தூக்கித் தெருவிளக்குப் பிரிவில் போட்டார்கள். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் அவரைத் தாண்டிப் போனார்கள். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை முணுமுணுத்ததில்லை. எந்தத் தெருவில் எந்தக் கம்பம் எரியவில்லை என்று விரல் நுனியில் வைத்திருந்தார். ஆனால் கடிதத்துக்குப் பலன் இருந்தது. ஊரில் வேறிடத்தில் கட்டிய புதுக் குடியிருப்பில் நாலு தரைத்தள வீடுகளை அந்த நாலு குடும்பத்துக்கும் ஒதுக்கலாம் என்று உத்தரவு வந்தது. மூன்று குடும்பமும் சாவி வாங்கின. பேண்டுக்காரர் மகள் வீட்டு ஹாலிலிருந்து கிளம்பிப் போனார்.

நாலாவது படிவத்தை எடுத்துக்கொண்டு ஓவர்சியரம்மாவும் நானும் மாடியேறிப் போனோம். தையலக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தார். ஒரு இடத்தில் நின்றார்.

"இது என்ன பாப்பா? 'அரசுக் கட்டடத்தை ஆக்கிரமித்திருந்த நான்'னு போட்டிருக்கு?"

"அது சும்மா அச்சடிச்ச வார்த்தைக்கா. எல்லாருக்கும் ஒரே படிவம். மத்த மூணு பேரும் போட்டுட்டாங்க."

"அவங்க போட்டா போட்டுட்டுப் போகட்டும். அவங்களுக்கு அவசரம்." கண்ணாடியைக் கழற்றினார். "நம்ம அப்பாவுக்குப் பட்டாளம் குடுத்த ரூம் அது. நம்ம அம்மா அங்கதான் செத்தா. உன்னை அங்கதான் தூக்கி வளத்தேன். மொதல்ல நான் அங்க இல்லவே இல்லன்னு எழுதினீங்க. இப்ப இருந்தேன், ஆனா திருட்டுத்தனமா இருந்தேன்னு என்னையே எழுதச் சொல்றீங்க."

"அக்கா, ஒரு கையெழுத்து. தரைத்தளம். படி ஏற வேண்டாம்."

"ஏற வேண்டியவரு போய்ட்டாரு. எனக்கு முழங்கால் நல்லாத்தான் இருக்கு."

ஓவர்சியரம்மா அந்த வார்த்தையை மட்டும் அடித்துவிட்டு வேறு எழுதித் தரச் சொல்லி எத்தனையோ முறை வீடு ஒதுக்கும் அலுவலகத்துக்கு நடந்தார். அச்சடித்த படிவத்தில் அடித்தல் திருத்தல் கூடாது என்றார்கள். காலக்கெடு முடிந்து அந்த வீடு வேறு யாருக்கோ போயிற்று.

இப்போது நாங்கள் இருவருமே ஓய்வு பெற்றுவிட்டோம். பட்டாளக் கட்டடம் நன்றாக இருக்கிறது. சுவரில் ஒரு விரிசல் இல்லை. மாலையில் பிள்ளைகள் தாழ்வாரத்தில் இடம் போதாமல் படியில் உட்கார்ந்து படிக்கிறார்கள். என் பேத்திகூட அங்கே படித்துத்தான் பரீட்சையில் தேறினாள். இதைச் செய்தவர் யார் என்று யாராவது கேட்டால் நான் பெருமையாகச் சொல்வேன். முழுக்கச் சொல்ல மாட்டேன். ஓவர்சியரம்மா மட்டும் திறப்பு விழாவுக்குப் பிறகு அந்தப் பக்கம் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்குப் போவதை அவர் நிறுத்தவில்லை. அக்காவும் வர வேண்டாம் என்று சொன்னதில்லை. காய்கறி விலை, இரத்த அழுத்தம், பக்கத்து வீட்டுக் குழாய்ச் சண்டை இதெல்லாம் பேசுவார்கள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டன் வைத்துக்கொண்டிருந்த தையலக்கா தலை நிமிராமலே, "அந்தக் கட்டடத்துக்குப் போயிருந்தேன்" என்றாராம்.

ஓவர்சியரம்மா கையிலிருந்த காப்பித் தம்ளரைக் கீழே வைத்தாராம்.

"கண் பரிசோதனை முகாம் அங்க வச்சிருந்தாங்க. அதுக்குப் போனேன். வாசல்ல ஒரு பொண்ணு உக்காந்திருந்தா. 'செருப்ப வெளிய விட்டுட்டு உள்ள வாங்கம்மா, புதுசா வர்றீங்களா'ன்னு கேட்டா. ஆமான்னு சொல்லிட்டு விட்டுட்டுப் போனேன்."

"எப்படிக்கா இருந்துச்சு?"

"சுவரெல்லாம் காஞ்சு நல்லா இருக்கு. நல்லாத்தான் பண்ணியிருக்க." நூலைப் பல்லால் கடித்தார். "நம்ம ரூம்ல பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாங்க."

"கொஞ்ச நேரம் உக்காந்தியா?"

"இல்ல. எல்லா நாற்காலிலயும் ஆள் இருந்தாங்க" என்றார் தையலக்கா, அடுத்த பட்டனை எடுத்துக்கொண்டு.